வேண்டாம் என்பவரிடம் வீட்டு டயாலிசிஸ் பற்றி எப்படிப் பேசுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிறுநீரக ஓ.பி.யில் ஸ்டாஃப் நர்ஸ். 52 வயது விசைத்தறிக்காரர் ஒருவர் வருகிறார், ரத்தத்தில் கழிவு தேங்குவதைக் காட்டும் கிரியாட்டினின் 5.8. வயிற்றில் வைத்த குழாய் வழியாகப் பையிலிருந்து திரவத்தை உள்ளே விட்டு, கழிவோடு வெளியே எடுத்து, வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸைப் பற்றி எடுத்துச் சொல்லுமாறு டாக்டர் உங்களிடம் அனுப்பினார். அரை மணி நேரம் பேசினீர்கள், படமெல்லாம் காட்டினீர்கள். அவர் கேட்டுவிட்டு, "அதெல்லாம் வேண்டாங்க, மாத்திரையிலயே குறைச்சு விடுங்க" என்று எழுந்து போய்விட்டார். டயாலிசிஸ் சென்டர் அவர் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். எங்கே தப்பு செய்தேன் என்று கேட்கிறீர்கள்.

இதே வேலையில் பல வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொன்னதில் தப்பு இருந்திருக்காது. வரிசைதான் தப்பு. குழாயைப் பற்றியும் பையைப் பற்றியும் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் இன்னும் டயாலிசிஸ் என்ற வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தார். நம் ஊர்களில் அந்த வார்த்தை எப்படிக் காதில் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். "பக்கத்து வீட்டு அண்ணனுக்கு டயாலிசிஸ் பண்ணாங்க, பத்து நாள்ல போயிட்டாரு." அந்த அண்ணன் மூச்சுத்திணறலோடு நடுராத்திரியில் வந்து, கழுத்தில் அவசரக் குழாய் போட்டுத்தான் முதல் டயாலிசிஸே நடந்திருக்கும். அது இவருக்குத் தெரியாது. டயாலிசிஸ் என்றால் முடிவு, அவ்வளவுதான். அப்படி நினைத்துக்கொண்டிருப்பவரிடம் எந்த டயாலிசிஸ் நல்லது என்று பேசினால் எப்படி ஏறும்?

அதனால் முதல் நாள் பையை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "உங்க கிட்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லியிருக்காங்க?" பத்தில் எட்டுப் பேர் "உப்பு கூடியிருக்குன்னாங்க" என்பார்கள். கிரியாட்டினின், யூரியா எல்லாவற்றையும் சேர்த்து உப்பு என்று சொல்லிப் பழகியது நாம்தான். ஆனால் அவர் அதைச் சமையல் உப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு அம்மா என்னிடம் கோபமாகவே கேட்டார்: "மூணு மாசமா உப்பில்லாத சோறு திங்கிறேன், இன்னும் இறங்கலேன்னா என்ன அர்த்தம்?" இந்தக் குழப்பம் தீராமல் அடுத்த வார்த்தை பேசிப் பயனில்லை. உப்பைக் குறைப்பது வீக்கத்துக்கும் பிரஷருக்கும் நல்லதுதான். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கும் 'உப்பு' சாப்பாட்டு உப்பு இல்லை, கிட்னி வெளியே தள்ள முடியாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்து, கிரியாட்டினின் எண்ணை வைத்துப் பேசாதீர்கள். அது ஏமாற்றும். கிரியாட்டினின் 4 என்று வந்தால், 30 வயது ஆணுக்குக் கிட்னி வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) ஏறக்குறைய 20. அதே 4 ஒரு 60 வயதுப் பெண்ணுக்கு 12தான். நம் தறிக்காரருக்குக் கணக்குப் போட்டால் 11 வருகிறது. "நூத்துக்குப் பதினொண்ணு வேலை செய்யுதுங்க" என்று சொன்னால் புரியும். துல்லியமான சதவீதம் இல்லைதான், ஆனால் பேச்சுக்குப் போதும். நான் இன்னொன்றும் செய்வேன். வீட்டில் இருக்கும் பழைய லேப் சீட்டுகளை எல்லாம் எடுத்துவரச் சொல்லி, மேசையில் தேதி வாரியாக வரிசையாக வைப்பேன். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். 2.1, 2.9, 3.6, 4.8, 5.8 என்று அவரே விரலை வைத்துப் படித்துக்கொண்டு வருவார். கடைசிச் சீட்டில் விரல் நின்றதும் நிமிர்ந்து பார்ப்பார். அந்த நிமிஷத்தில்தான் அவர் நம் பேச்சைக் கேட்கத் தயாராகிறார். மாத்திரையில் குறையுமா என்ற கேள்விக்கும் பதில் அந்த மேசையிலேயே இருக்கிறது.

அதற்காகப் பயமுறுத்தவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. திறன் 10 முதல் 14 வரை இருக்கும்போதே டயாலிசிஸ் தொடங்குவது என்று ஒரு பிரிவு. 5 முதல் 7 வரை இறங்கும்வரை பொறுப்பது என்று இன்னொரு பிரிவு. முன்கூட்டித் தொடங்கியதால் ஆயுள் கூடவில்லை. பொறுத்த பிரிவில் பலருக்குத் தொந்தரவு வந்ததால் கொஞ்சம் முன்னதாகவே தொடங்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆக, எண்ணைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. பசியின்மை, வாந்தி, மூச்சு வாங்குவது, மருந்துக்கு அடங்காத வீக்கம், பொட்டாசியம் ஏறுவது, இவைதான் நாளைக் குறிக்கும். இந்தப் பேச்சைத் திறன் 30க்குக் கீழே போனதுமே ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் 11இல் வந்திருக்கிறார். வயிற்றுக் குழாய் வைத்தால் இரண்டு வாரமாவது ஆற விட வேண்டும். ரத்த டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டால், அது பழுக்க இரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதைச் சொல்லுங்கள், அது பயமுறுத்தல் ஆகாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, அதிகம் புழங்காத கையில் ஊசி குத்த விடக் கூடாது என்பதையும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மணிக்கட்டு நரம்பை எல்லாரும் குத்திக் கெடுத்த பிறகு ஃபிஸ்டுலாவுக்கு எங்கே போவது?

இரண்டாம் நாள் அவருடைய பொழுதைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எத்தனை தறி, ராத்திரி ஷிஃப்ட் உண்டா, வீட்டில் யார் யார். அதற்குப் பிறகு வழிகளைச் சொல்லுங்கள். மாற்றுச் சிறுநீரகம், ரத்த டயாலிசிஸ், வயிற்று டயாலிசிஸ், டயாலிசிஸே வேண்டாமென்று மருந்தாலும் கவனிப்பாலும் தொந்தரவுகளைக் குறைத்துக்கொண்டு இருப்பது என்று நான்கையும் சொல்ல வேண்டும். கடைசியைப் பலர் சொல்வதே இல்லை. 80 வயதைத் தாண்டி, கூடவே இதயமும் கெட்டிருப்பவருக்கு அது நியாயமான வழி. 52 வயதுக்காரருக்கு முதலில் பேச வேண்டியது மாற்றுச் சிறுநீரகம். வீட்டில் கொடுக்கக்கூடியவர் இருந்தால் டயாலிசிஸுக்கே போகாமல் செய்யலாம். இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பதிந்துகொள்ளலாம். வயிற்று டயாலிசிஸில் இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள். போகாது.

வீட்டிலேயே மெஷின் வைத்து ரத்த டயாலிசிஸ் செய்வதும் உண்டு. ஒரு தடவைக்கு 120 லிட்டர் போலச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், கரண்ட் வேண்டும், டெக்னீஷியன் வேண்டும். நம் ஓ.பி.க்கு வருகிறவர்களுக்கு அது எட்டாது. இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகரலாம்.

இப்போது கணக்கு. சென்டரில் ரத்த டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். 40 கிலோமீட்டர் போய் வர, காத்திருக்க என்று நாள் முழுக்கப் போய்விடும். வருஷத்துக்கு 156 நாள். அவருக்கு மட்டுமில்லை, கூட வரும் மனைவிக்கும். வயிற்று டயாலிசிஸ் என்றால் தினம் மூன்று அல்லது நான்கு முறை, முறைக்கு அரை மணி முதல் முக்கால் மணி. மாதம் ஒரு தடவை செக்கப்புக்கு வந்தால் போதும். ஆனால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. இந்தப் பக்கத்தையும் அதே மூச்சில் சொல்லுங்கள். நல்லதை மட்டும் அடுக்கினால் சீட்டுக் கம்பெனிக்காரன் பேசுவது மாதிரி இருக்கும், ஜனங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் சமையலறையை விட்டு வெளியே போவதில்லை. முட்டையை உரித்தால் ஓட்டுக்கு உள்ளே மெல்லிசாக ஒரு தோல் ஒட்டியிருக்குமே, அது மாதிரி வயிற்றுக்குள்ளும் குடலைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதில் நிறைய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. சவ்வுக்கு இந்தப் பக்கம் பையில் இருக்கும் சுத்தமான திரவத்தை விட்டு நான்கைந்து மணி நேரம் வைத்தால், ரத்தத்தில் இருக்கும் கழிவு மெதுவாக அந்தத் திரவத்துக்கு வந்துவிடும். உடம்பில் தேங்கிய நீர் எப்படி வெளியே வரும்? மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் நீர் விடுகிறதா இல்லையா? அதே வேலையை இங்கே திரவத்தில் இருக்கும் குளுக்கோஸ் செய்கிறது. 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மூன்று பலத்தில் வரும். பலம் கூடக்கூட நீர் அதிகம் வரும். ஊறுகாய் போட்ட எந்தப் பெண்ணுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

"இது புதுசா ஏதோ சோதனை பண்றாங்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பொபோவிச், மான்க்ரீஃப் இருவரும் 1976இல் இந்த முறையை வெளியிட்டார்கள். முதலில் கண்ணாடி பாட்டில். பிறகு டொராண்டோவில் ஓரியோபௌலோஸ் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்ததும்தான் வீட்டுக்கு ஏற்றதாக ஆனது. ஹாங்காங்கில் 1985 முதல் அரசு மருத்துவமனைகளில் முதலில் வயிற்று டயாலிசிஸ்தான். இவ்வளவு சொன்னாலே போதும், முகம் தெளியும்.

மூன்றாம் நாள் பையைக் கையில் கொடுங்கள். படம் வேண்டாம், வீடியோ வேண்டாம். காலாவதியான 2 லிட்டர் பை ஒன்றும், பழகுவதற்கான குழாய் ஒன்றும் எல்லா யூனிட்டிலும் கிடக்கும். ஃபேனை அணைப்பது, ஜன்னலைச் சாத்துவது, மாஸ்க், சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சுத்தமான துண்டில் கையை ஈரமில்லாமல் துடைப்பது, மூடியைக் கழற்றி இணைப்பது. அப்புறம் வயிற்றில் இருப்பதைக் கீழே இருக்கும் காலிப் பையில் வடிய விடுவது, புதுத் திரவம் கொஞ்சம் ஓடிக் குழாயை அலசிவிட்டுப் போனதும் மேலே மாட்டிய பையை உள்ளே விடுவது, புது மூடி போடுவது. இதை நீங்கள் ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, பேசாமல் அவர் கையில் விட்டுவிடுங்கள். தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போடும் விரல்கள் அவருடையவை. அந்த இணைப்பு அவருக்கு ஒரு விஷயமே இல்லை. "இவ்வளவுதானா?" என்பார் பாருங்கள்.

வடிந்த பையை என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே காட்டுங்கள். தினத்தந்தியோ தினமலரோ ஒன்றை மேசையில் விரித்து, அதன்மேல் பையை வைக்கச் சொல்லுங்கள். பைக்கு அடியில் எழுத்தைப் படிக்க முடிந்தால் சரி. லேசான மஞ்சளாக, தெளிவாக இருக்கும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி, எழுத்து மறைந்தால் உள்ளே தொற்று என்று வைத்துக்கொண்டு, அந்தப் பையோடு அன்றைக்கே கிளம்பி வர வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. வயிற்று வலி இல்லாவிட்டாலும் வர வேண்டும். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கைத் திரவத்திலேயே கலந்து உள்ளே விட்டுச் சரி செய்துவிடலாம். தாமதமானால் குழாயையே எடுக்க வேண்டி வரும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். தொற்று வரவே வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை வந்தாலும் அப்புறம் உங்களை நம்ப மாட்டார்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில், ஓர் இளைஞருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து, அவரும் தேர்ச்சியாகச் செய்ய, பெருமையாக வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாவது வாரம் கலங்கிய பையோடு வந்தார். விசாரித்தால், பகலில் அவர் வேலைக்குப் போகாத நாட்களில் அசதியாகப் படுத்துக்கொள்ள, பை மாற்றியது அவருடைய அம்மா. அவருக்கு விரல் மூட்டெல்லாம் வலி, கண்ணும் மங்கல். பைக்குள் இருக்கும் சின்னப் பூட்டை ஒடிக்க முடியாமல், பல்லால் கடித்துக்கூடப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாவை நான் ஒரு தடவைகூட உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. வாசலில் பை வைத்துக்கொண்டு காத்திருந்தவரை நான் பார்க்கத்தான் செய்தேன். அதற்குப் பிறகு, கூட வந்தவர் உள்ளே வராமல் நான் பேச்சையே தொடங்கியதில்லை. உங்கள் தறிக்காரரின் மனைவி ஓ.பி.யில் வாயைத் திறந்திருக்க மாட்டார். முடிவு வீட்டில் அவருடையதாகத்தான் இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன் யாரும் சொல்லாத ஒரு விஷயம்: குழாய் வெளியே வரும் இடம். நோயாளி மேசையில் மல்லாந்து படுத்திருக்கும்போது இடம் குறித்தால், எழுந்து வேட்டி கட்டியதும் முடிச்சு சரியாகக் குழாயின் மேலேயே உட்காரும். அதனால் ஆபரேஷனுக்கு முந்தின நாளே வேட்டியோடு, பெண்கள் என்றால் சேலையோடு, நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து, பாவாடை நாடா எங்கே அழுத்துகிறது என்று பார்த்துப் பேனாவால் குறித்துவிடுங்கள். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதையும் பேசிவிடுங்கள். அவர்களே இடத்தைக் காட்டுவார்கள். தன் உடம்பில் எங்கே வர வேண்டும் என்று ஒருவரிடம் கேட்டுவிட்டாலே பாதிப் பயம் போய்விடுகிறது. இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கேட்கும்போது, மாடி வீடா, டைல்ஸ் போட்டதா என்று கேட்காதீர்கள், கூனிக்குறுகிப் போவார்கள். ஓட்டு வீட்டிலும் நன்றாகச் செய்கிறார்கள். கேட்க வேண்டியது இதுதான்: கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார ஒரு மூலை உண்டா, சோப்பும் தண்ணீரும் பக்கத்தில் உண்டா, பையை மாட்ட ஓர் ஆணி அடிக்க முடியுமா. உங்கள் ஆளுக்குக் கூடுதலாக ஒன்று. தறி வீட்டிலேயே ஓடுகிறது என்றால், பஞ்சுத் தூசி பறக்கும். தறிப் பட்டறைக்குள் வைத்துப் பை மாற்றவே கூடாது. தனி அறை, இல்லையென்றால் சமையலறையை ஒட்டித் தடுத்த ஒரு மூலை. பைகளை வைக்கவும் இடம் வேண்டும். தினம் மூன்று என்றால் மாதம் 90 பை, 180 கிலோவுக்கு மேல். தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்கி, எலி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், முதல் மாதச் சரக்கு வந்து இறங்கும்போதுதான் அந்த வீட்டில் அதிர்ச்சி.

குளியல், சாப்பாடு, தாம்பத்தியம் என்று மூன்று கேள்வி வரும். மூன்றாவதை அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களே எடுத்துக்கொடுங்கள், தடையில்லை என்று சொல்லுங்கள். புண் ஆறியதும் டாக்டர் சொன்ன பிறகு சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம், பிறகு அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்து மருந்து வைக்க வேண்டும். ஆறு, குளம், கிணற்றில் இறங்குவது கிடையாது. சாப்பாட்டில் ரத்த டயாலிசிஸ்காரர்களை விடக் கொஞ்சம் தாராளம். பொட்டாசியம் தினமும் வெளியேறுவதால் வாழைப்பழம், இளநீர் பலருக்கு அனுமதி உண்டு, ஆனால் அவரவர் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். புரதம் தினமும் திரவத்தோடு போய்விடும் என்பதால் முட்டை, பருப்பு, மீன் கூட்ட வேண்டும். இதுவரை புரதத்தைக் குறை என்று சொல்லி வந்தவர்கள் நாம். இப்போது கூட்டு என்றால் குழம்பிப்போவார், காரணத்தைச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், திரவத்தின் குளுக்கோஸ் உடம்பில் ஏறும், மருந்தை மாற்ற வேண்டி வரும். மலச்சிக்கல் வந்தால் திரவம் சரியாக வடியாது. "வடியலைங்க" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பதே அதைத்தான்.

பணம். இதை நீங்கள் பேசாவிட்டால் அவர் மனதுக்குள் பேசிக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வீட்டுக்கே பை கொண்டுவந்து கொடுப்பதும் ஒரு பகுதி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எடுக்க வழி சொல்லுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும்: உங்கள் மாவட்டத்தில் இப்போது பை எப்படி வருகிறது, தாமதமாகிறதா என்று நேரில் விசாரித்து வையுங்கள். இலவசம் என்று சொல்லிவிட்டு, பை வராத மாதத்தில் அவர் கடையில் வாங்க நேர்ந்தால் பழி உங்கள் மேல்தான், நியாயமும்கூட. எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதல் இருப்பு வைக்கச் சொல்வது நல்லது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ் நின்றபோது, வீட்டில் பை இருந்தவர்கள் அடுத்த டயாலிசிஸுக்கு எப்படிப் போவது என்று தவிக்கவில்லை.

ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் ஒருவரை அவரிடம் பேச விடுங்கள். ஆனால் யூனிட்டின் நட்சத்திர நோயாளியைக் கூப்பிடாதீர்கள். ஒரு தடவை தொற்று வந்து, படுத்து, மீண்டு, இன்னும் செய்துகொண்டிருப்பவரைக் கூப்பிடுங்கள். அந்த நேரம் நீங்கள் டீ குடிக்கப் போய்விடுங்கள். நம் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் அவர்களுக்குள் நிறைய இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் சென்டருக்கே போகிறேன் என்றால் போகட்டும். பலமுறை வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள், பெரிய குடலிறக்கம் இருப்பவர்கள் போன்றோருக்கு இது சரிப்படாமலும் போகலாம். சில வருடத்தில் சவ்வு களைத்து ரத்த டயாலிசிஸுக்கு மாறுவதும் உண்டு. இரண்டு முறையிலும் ஆயுளில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தனியாக வசித்த ஒரு பாட்டி எல்லாம் கேட்டுவிட்டு, "சென்டருக்குப் போனா நாலு பேரைப் பார்க்கலாம்மா, வீட்ல யாரு இருக்கா" என்றார். அதை விட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை, அவருக்கு ஃபிஸ்டுலாவுக்கு எழுதிக் கொடுத்தோம்.

ஒவ்வொரு நாள் பேச்சு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போனதும் உங்க பையன் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்து அடுத்த நாள் ஆரம்பியுங்கள்.

உங்கள் தறிக்காரருக்கு இப்போது செய்ய வேண்டியது ஒரு போன். டயாலிசிஸ் பற்றிப் பேசக் கூப்பிடாதீர்கள். "அடுத்த வாரம் வரும்போது பழைய லேப் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு விஷயம் காட்டணும்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் வந்ததும் நாற்காலியை முதலில் அந்த அம்மாவுக்குப் போடுங்கள்.